ஒண்டிக்கட்டை லோகுவின் அக்கா

கன்னியம்மாவைவிட லோகநாதன் மூன்று வயது பெரியவன். இருபத்தாறு வருஷமாக அவளுக்குப் புருஷன். அப்படிப்பட்டவன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, அவளைத் தன் அக்கா என்று சொல்லிவிட்டான்.

ராயபுரத்தில் ஏற்றுமதிக்கு இறால் உரிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் மத்தியானம் ஒன்றரைக்குத்தான் வெளியே விடுவார்கள். ஐஸில் ஊறி வெளுத்த விரல்களோடு, டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்று மாடி ஏறி வந்தவள் வாசலில் இரண்டு ஜோடி ஷூக்களைப் பார்த்தாள். உள்ளே கட்டிலை ஓரமாக நகர்த்தி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒரு பெரிய விளக்கை நிறுத்தியிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் லோகநாதன் கறுப்புச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள் கண்ணாடி போட்டு அவனை அவள் பார்த்ததே இல்லை.

“இவங்க யார் சார்?” என்று எதிரில் இருந்த பெண் கேட்டாள். அவள் பெயர் நீலா. அடையாறிலிருந்து வந்தவள். வடசென்னைக் கானா பாடகர் ஒருவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாள். கேமராவுக்குப் பின்னால் நின்றவன் சாவியோ, ராயபுரத்துப் பையன், முப்பது வயது இருக்கும்.

லோகநாதன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். “எங்க அக்கா” என்றான்.

கன்னியம்மா அங்கேயே “யாருய்யா உனக்கு அக்கா?” என்று கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேமரா அவள் பக்கம் திரும்பிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் புருஷன் மானத்தை வாங்குவதா என்று ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. “வாங்க, டீ குடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் போனாள். டீ கொதிக்கும்போதுதான் அவளுக்கும் கொதித்தது.

விஷயம் இதுதான். மேடையில் அவனுக்குப் பெயர் ஒண்டிக்கட்டை லோகு. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போன மனிதன், உலகத்தில் நாதியில்லாதவன், பாட்டு ஒன்றுதான் துணை. காசிமேட்டிலிருந்து காஞ்சிபுரம் வரை அவனுக்கு அப்படித்தான் பெயர். மேடையில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். அதன் மேல் ஒரு முழம் மல்லிகை தொங்கும். “அவ வந்தா குந்தட்டும்னு போட்டு வச்சிருக்கேன் மாமு” என்று கரகரத்த குரலில் ஆரம்பிப்பான். கூட்டத்தில் பாதி அங்கேயே அழுதுவிடும். அந்த மல்லிகையைச் சாயங்காலமானால் வியாசர்பாடி மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கி வருகிறவள் கன்னியம்மா. நிகழ்ச்சி முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது அது அவள் தலையில் இருக்கும்.

அவனைத் தூக்கிவிட்ட பாட்டு ஒன்று உண்டு.

*தாலியக் கழட்டி டிவி மேல வச்சா*
*டாட்டா காட்டி டெம்போ ஏறிட்டா*

யூடியூபில் நாற்பது லட்சம் பேர் கேட்டது. உண்மையில் நடந்தது என்னவென்றால், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கன்னியம்மா கம்பெனிப் பெண்களோடு டெம்போ ஏறி வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போயிருந்தாள். ஒரே ஒரு நாள். வீட்டில் அரிசி டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பட்டினி கிடந்த மகராசன் அந்த ஆத்திரத்தில் கட்டிய பாட்டு அது. சாயங்காலம் அவள் வந்ததும் முதல் ஆளாக அவளுக்குத்தான் பாடிக் காட்டினான். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இப்படி வட்டி கட்ட வேண்டி வரும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

கம்பெனியில் இறால் உரிக்கும்போது பெண்கள் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பார்கள். “அந்த ஓடுகாலி மட்டும் என் கைல கெடச்சா…” என்று கூட உரிக்கும் ரோஸ்மேரி கத்தியை ஆட்டிக் காட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து கன்னியம்மா தலை எடுப்பாள், ஓடு எடுப்பாள், நரம்பு எடுப்பாள். தன் புருஷன் டிரைவர் என்றுதான் அங்கே சொல்லி வைத்திருந்தாள். அதெல்லாம் பழகிவிட்டது. பாட்டு பாட்டாக இருக்கட்டும், வீடு வீடாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இப்போது அந்தப் பாட்டு படியேறி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

நீலாவும் சாவியோவும் கிளம்பிப் போனதும் கன்னியம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாய்யா, நா உனக்கு அக்காவா?”

“கெமரா ஓடிக்கினு இருந்திச்சிமே. ரெண்டு மணி நேரமா நீ போன கதையத்தான் சொல்லிக்கினு இருந்தேன். அழுதுகூட காட்டிட்டேன். அந்தப் பொண்ணும் அழுதுச்சி. அந்த நேரம் பார்த்து நீ தூக்குப் பையோட உள்ள வர்ற. நா இன்னா சொல்றது?”

“பொண்டாட்டின்னு சொல்றது!”

“அப்பால நா ஒண்டிக்கட்டையா? ஊரு காறித் துப்பும்மே. இந்தப் படம் பாரின்லாம் போவுதாம். ஒரு வாரம். ஒரே வாரம் பல்லக் கடிச்சிக்கோ.”

“சரி, தங்கச்சின்னாவது சொல்லக் கூடாதா? உன்னவிட நா மூணு வயசு சின்னவ!”

லோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். கழற்றினால் அவன் வேறு ஆள். கண் இரண்டும் சின்னதாக, பயந்தாங்கொள்ளியாக இருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்தால் அவளுக்குத் திட்டு வராது. அதுதான் அவளுடைய பலவீனம்.

மகள் சங்கமித்ராவுக்கு அந்தப் பலவீனம் கிடையாது. தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். ரத்தம் குத்தி எடுக்கும் அதே நிதானத்தோடுதான் பேசுவாள். விஷயத்தைக் கேட்டதும், “அப்போ நா யாரு?” என்றாள்.

“அக்கா பொண்ணு” என்றான் லோகநாதன், தரையைப் பார்த்து.

“எங்க நைனாவ நா மாமான்னு கூப்புடணுமா? நல்லா கீது உங்க படம்.” பையை எடுத்தாள். “படம் முடியற வரிக்கும் தோஸ்து வூட்ல தங்கிக்கிறேன். அம்மா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. பாட்டுன்னா காத்துல போயிடும். படம் அப்டி இல்ல. நாளைக்கு நீ செத்துப் போனாலும் அதுல நீ அவருக்கு அக்காதான். அதுல ஒரு தபா அக்கான்னு பேரு வந்துச்சின்னா வந்ததுதான்.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். கன்னியம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவனோடு சேர்ந்து எடுத்த போட்டோ என்று பார்த்தால் கல்யாணப் போட்டோ ஒன்றுதான். அதுவும் சட்டம் போடக் கொடுத்த கடையில் இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் ஊறிப் பாதி முகம் கரைந்துபோன போட்டோ. இனி எடுக்கப்போகிற படத்தில் அக்கா. அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இவன் பெண்டாட்டி இவள் என்று எங்காவது ஓர் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

*

லோகநாதனின் தொழிலில் மேடைக் கச்சேரி பாதி, சாவுக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் பாடுவது பாதி. காரியத்துக்குப் பாடுவதில் ஒரு முறை உண்டு. அந்த வீட்டுக்காரர்கள் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதில் செத்தவர் பெயர், புருஷன் பெயர் அல்லது பெண்டாட்டி பெயர், பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்தி என்று அத்தனை பேரும் இருப்பார்கள். அத்தனை பெயரும் பாட்டில் வந்தாக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் சண்டை. புளியந்தோப்பில் ஒருமுறை இரண்டாவது மருமகன் பெயர் விட்டுப்போய், அந்த மருமகன் தபேலாவைத் தூக்கிக் கால்வாயில் எறிந்துவிட்டான்.

லோகநாதனுக்குப் படிக்க வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். சீட்டைக் கன்னியம்மாதான் வாங்குவாள், படித்துச் சொல்லுவாள். பாடும்போது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அடுத்த பெயரை மெதுவாகச் சொல்லுவாள். அவன் தலையைத் திருப்பாமலே வாங்கிக்கொள்வான். கேட்கிறவர்கள், எப்பேர்ப்பட்ட ஞாபகம் பார்யா இவனுக்கு என்று மெச்சுவார்கள்.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. வெளியே ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டும்போது, செத்தவர் பெயர் வர வேண்டிய இடத்தில் முதலில் “கன்னியம்மா” என்றுதான் போட்டுக் கட்டுவான். நாலு தட்டுக்குள் உட்காரும் பெயர் அது. மெட்டு அமைந்த பிறகு அதை எடுத்துவிட்டு நிஜப் பெயரை வைப்பான். நீளமான பெயரானால் நறுக்குவான், குட்டையானால் அம்மா சேர்த்து இழுப்பான். அவன் பாட ஆரம்பித்த புதிதில், “உயிரோட கீறவள எத்தினி தபாய்யா சாவடிப்ப?” என்று கன்னியம்மா சண்டை போட்டிருக்கிறாள். “உம் பேர வச்சாத்தான் எனக்கு அழுவ வருது. அழுவ வந்தாத்தான் பாட்டு வருது” என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஊரில் யார் யாரோ செத்ததற்கு அவன் பாடிய ஆயிரம் பாட்டிலும் முதலில் செத்தவள் அவள்தான். அந்த அடுப்பங்கரையில் வெங்காயம் நறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே போகும்போது மட்டும் அவள் பெயர் வீட்டோடு தங்கிவிடும்.

அந்த வாரம் சனிக்கிழமை சடையங்குப்பத்தில் ஒரு காரியம் இருந்தது. தேசராணி என்று ஓர் அம்மாள், ஐம்பத்தைந்து வயது, மாரடைப்பில் போனவள். லோகநாதன் வியாழக்கிழமையே பாட்டுக் கட்டிவிட்டான். “தேசராணி” என்று பெயரைச் சொன்னதும் விரலால் தொடையில் தட்டிப் பார்த்தான். நாலு தட்டு. “அட, அப்டியே குந்துது. நறுக்கவும் வாணாம், இழுக்கவும் வாணாம்” என்று சந்தோஷமாக, பெயரை மாற்றிப் பாடிப் பார்க்காமலே அதை அத்தோடு விட்டுவிட்டு, தாலிப் பாட்டைக் கேமராவுக்குப் பாடிக் காட்டப் போய்விட்டான்.

*

வெள்ளிக்கிழமை நீலா கன்னியம்மாவைப் பேட்டி எடுத்தாள். மொட்டை மாடியில், துணி காயும் கொடிக்குக் கீழே. தூரத்தில் மணலி ஆலைப் புகைபோக்கிகள் தெரிந்தன. அவை படத்தில் நன்றாக இருக்கும் என்று சாவியோ சொன்னான்.

“உங்க பேர் சொல்லுங்கக்கா.”

“கன்னியம்மா.”

“லோகு சாருக்கு நீங்க…?”

மகள் சங்கமித்ரா சொன்னது ஞாபகம் வந்தது. மாடிப்படிக் கதவருகில் லோகநாதன் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

“அதான் சொன்னாரே” என்றாள்.

“உங்க தம்பி பொண்டாட்டியைப் பத்திச் சொல்லுங்க. எப்படிப்பட்டவங்க?”

நல்ல கேள்விதான். இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளே அவளைக் கேட்டுக்கொண்டதும் இல்லை.

“வேலைக்காரி” என்றாள். “காலைல மூணு மணிக்கி எந்திரிப்பா. இவருக்குச் சோறு ஆக்கி வச்சிட்டுக் கம்பெனிக்குப் போவா. மொதல்ல இவருக்குப் பாட்டு ஏது, ஒண்ணு ஏது? ஆர்பர்ல மூட்ட தூக்கினு இருந்தாரு. முதுகு போச்சி. ஆறு மாசம் படுக்க. சும்மா படுத்துக்கினு பாடுவாரு. அவதான், யோவ் இத்த வெளிய போயி பாடுய்யான்னு இட்டுனு போயி வுட்டா. மொத காரியத்துக்கு அவதான் சீட்டு படிச்சா. இவரு மைக்கப் பார்த்து மெர்சலாயி நின்னாரு. அவ பின்னாடி குந்திக்கினு, நா கீறேன் பாடுன்னா.”

நீலா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள். “இவ்வளவு செஞ்சவங்க, அப்புறம் ஏன்க்கா போனாங்க?”

“போனான்னு யார் சொன்னது?”

வாயில் வந்துவிட்டது. கதவருகில் லோகநாதன் இருமினான். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சின்னக் கண் இரண்டும் அவளைக் கெஞ்சின. ஒரு வார்த்தை, இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். சொல்லத்தான் நினைத்தாள்.

“போயிட்டா” என்றாள். “அவ்ளோதான். இன்னா, போயிட்டா.”

கண்ணில் நீர் முட்டியது. நீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி பெண்டாட்டிக்காக அழுகிற நாத்தனாரை அவள் முதல் முறையாகப் பார்த்திருப்பாள் போலும். கன்னியம்மாவோ தன்மேல் வந்த கோபத்தில் அழுதாள். பன்னிரண்டு வருஷமாக ஊர் பாடியதைத் தன் வாயாலேயே சொல்லியாயிற்று. படத்திலும் ஏறியாயிற்று. சாவியோ மட்டும் கேமராவை மூடியபடி அவளையும் கதவருகில் நின்றவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

*

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சடையங்குப்பத்தில் பந்தல் நிறைந்திருந்தது. முன் வரிசையில் தேசராணியின் வீட்டுக்காரர் அர்ஜுனன், மொட்டையடித்த மகன், இரண்டு மகள்கள். நடுவில் மாலை போட்ட படம். படத்தில் அந்த அம்மாள் யாரோ கூப்பிட்டுத் திரும்பியது மாதிரி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். லோகநாதனின் காலி நாற்காலி வழக்கமான இடத்தில் இருந்தது. மல்லிகையைக் கன்னியம்மாதான் வாங்கி வந்து தொங்கவிட்டாள்.

சீட்டோடு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவளிடம் நீலா ஓடி வந்தாள்.

“அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. அங்க உட்கார்ந்தா நீங்க ஃபிரேம்ல தெரியறீங்க. சார் தனியா இருக்கணும். தனிமைதான் இந்தப் படமே. கொஞ்சம் அந்தப் பக்கம் லேடீஸ்கூட உட்கார்றீங்களா?”

கன்னியம்மா லோகநாதனைப் பார்த்தாள். அவன் மைக்கைச் சரி செய்துகொண்டிருந்தான். “சீட்டு?” என்றாள். அவன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நா பார்த்துக்கறேன், நீ போ” என்றான். படிக்கத் தெரியாதவன் பையில் சீட்டு இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன! சொல்லத்தான் வந்தாள். நேற்றைய அழுகை இன்னும் உள்ளே இருந்தது. எப்படியோ போ என்று எழுந்து பெண்கள் பக்கம் போய், தூணோரமாக உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவன் மேடையில் பாடுவதை முன்னால் இருந்து பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

தபேலா தொடங்கியது. லோகநாதன் கண்ணை மூடினான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண் மூடியிருப்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

*பாயில பாதி நீ படுத்த எடம்*
*பச்சத் தண்ணியா ஆறிக் கீது*
*ஆக்கி வச்ச சோறு அப்டியே கீது*
*யாரு எனக்குப் போடுவாங்க?*

அர்ஜுனன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்கள் பக்கம் விம்மல் எழுந்தது. லோகநாதன் தலையை லேசாகப் பின்னால் சாய்த்தான். பெயரை வாங்கிக்கொள்ளச் சாய்க்கும் சாய்ப்பு அது. பின்னால் ஆள் இல்லை. தாளம் நிற்காது. நாலு தட்டு காத்துக்கொண்டிருந்தது. வாய் தன் பாட்டுக்குத் தெரிந்த பெயரை எடுத்துப் போட்டது.

*கன்னியம்மா… என் கன்னியம்மா…*
*கதவச் சாத்தாம போனியேம்மா…*

தபேலாக்காரர் கை அப்படியே நின்றது. தூணோரத்தில் கன்னியம்மா தலை நிமிர்ந்தாள். அடுப்பங்கரையில் கேட்ட அதே குரல்தான். அத்தனை பேர் நடுவில், ஸ்பீக்கரில், அவள் செத்துக் கிடந்தாள்.

தேசராணியின் பெரிய மகள் எழுந்துவிட்டாள். “யோவ், நிறுத்துய்யா! யாருய்யா கன்னியம்மா? எங்கம்மா பேரு தேசராணி! காரியத்துக்குக் கூப்ட்டா எவ பேரையோ பாடிக்கினு கீற?”

“குடிச்சிட்டு வந்துகீறானா பாரு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு மூன்று பேர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். நீலாவின் தலை மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பியது. கன்னியம்மா என்ற பெயரை நேற்றுத்தான் அவள் கேமராவில் பதிவு செய்திருந்தாள்.

லோகநாதன் அசையாமல் நின்றான். பொய் சொல்லித் தப்பிக்க இம்முறை வழியே இல்லை. கன்னியம்மா எங்க அக்கா என்று சொல்லிப் பார்க்கட்டும்! பாயில் பாதி என்று கூடப்பிறந்தவளைப் பாடினவனைச் சடையங்குப்பம் செருப்பாலேயே வியாசர்பாடி வரை கொண்டுபோய் விட்டுவிடும். அவன் போட்ட பொய் அவனையே மூலையில் நிறுத்திவிட்டது. கன்னியம்மாவுக்கு ஒரு பக்கம் நன்றாக வேண்டும் என்று இருந்தது, ஒரு பக்கம் அவனை அடித்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். மேடையில் அவன் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

“மன்னிச்சிக்கோங்க” என்றான். கரகரப்பு இல்லை. வீட்டில் பேசும் குரல். “கன்னியம்மா எம் பொண்டாட்டி.”

“ஓடிப் போயிட்டாளே, அவளா?” என்றான் மொட்டையடித்த மகன்.

“ஓடில்லாம் போவலப்பா. அது பாட்டு. மெய்யாலுமே அவ எங்கியும் போவல. தோ, அங்க குந்திக்கினு கீறா.” குரல் உடைந்தது. “எனக்குப் படிக்கத் தெரியாது. எந்த வூட்டுக்குப் பாட்டு கட்டினாலும் மொதல்ல அவ பேர வச்சித்தான் கட்டுவேன், அப்பத்தான் எனக்கு அழுவ வரும். அப்பால உங்க வூட்டுப் பேர மாத்திப் போடுவேன். பேர எட்த்துக் குடுக்கறதும் அவதான். இன்னிக்கி நாந்தான் அவள எட்ட குந்த வச்சிட்டேன். தப்பு என்னுதுதான்.”

அர்ஜுனன் துண்டை முகத்திலிருந்து எடுத்தார். ரொம்ப நேரம் லோகநாதனையே பார்த்தார்.

“உயிரோட கீறாளா?” என்றார்.

“கீறா நைனா.”

“உயிரோட கீறவள வச்சிக்கினா இல்லன்னு ஊர் ஊரா பாடற?” அவருக்குக் குரல் நடுங்கியது. “எனக்கு இல்லய்யா. பதினாறு நாளா வூட்ல ஒரு பேரக் கூப்ட்டா ஏன்னு கேக்க ஆள் இல்ல. உனக்குக் கூப்ட்டா வர்றதுக்கு ஆள் கீது. கூப்புடுய்யா அவள.”

லோகநாதன் மைக்கை விட்டுவிட்டு வெறும் வாயால் கூப்பிட்டான். “கன்னி, வாமே.”

கன்னியம்மா எழுந்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, வீட்டுக்குப் போய் அதற்குத் தனியாகக் கச்சேரி உண்டு. ஆனாலும் நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்க்க நடந்து வந்தாள். வழக்கம்போல் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போகத் திரும்பியவள் நின்றாள். நீலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “விடு, ஓடிட்டுத்தான் இருக்கு” என்றான் சாவியோ, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கன்னியம்மா காலி நாற்காலியில் தொங்கிய மல்லிகையை எடுத்தாள். தேசராணியின் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். முகம் தெரியாத அந்த அம்மாளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். பிறகு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். லோகநாதன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தான். வேர்வையில் நனைந்திருந்தது, எழுத்து கலையவில்லை.

தபேலா மறுபடி ஆரம்பித்தது. பாயில பாதி என்று அவன் முதலிலிருந்து பாடி வந்தான். பெயருக்கான இடம் வந்ததும் தலையைச் சாய்த்தான். இம்முறை பின்னால் அல்ல, பக்கத்தில்.

“தேசராணி” என்றாள் கன்னியம்மா, எப்போதும் சொல்கிற தாழ்ந்த குரலில். மைக் அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பெயர் பந்தலைத் தாண்டித் தெருக்கோடி வரை கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவள் குரல் ஸ்பீக்கரில் வந்தது அன்றைக்குத்தான்.